சுறாவும் மோரியும்

மும்பையில் தாராவியிலோ செம்பூரிலோ கோலி இனத்து மீன்காரம்மாவிடம் சுறா கேட்டால், “மோரி?” என்று திருப்பிக் கேட்பார். மராத்தியில் சுறாவும் மோரி, வீட்டில் பாத்திரம் கழுவும் மூலையும் மோரி. ஊருக்குப் புதியவர் முழிப்பார்.

பழந்தமிழில் சுறாவுக்குச் சுறவு, சுறவம் என்று பெயர். மகர ராசிக்கும் சுறவம்தான். காமன் கொடியிலும் அதுவே. பட்டினப்பாலையில் பரதவர் நட்டு வழிபடும் சுறாக்கொம்பு, பல் வைத்த வாள்போல் மூக்கு நீண்ட வேளா மீனுடையது என்றே எனக்குப் படுகிறது. வேளா உண்மையில் திருக்கை இனம். செவுள் பிளவுகள் உடலின் அடிப்பக்கம் இருக்கும். சுறாவுக்குத் தலையின் பக்கவாட்டில், பெரும்பாலும் ஐந்து. தோலையும் தடவிப் பாருங்கள்: வால் நோக்கி வழுவழு, எதிர்ப்பக்கம் உப்புத்தாள்.

தலை இருபுறமும் நீண்டு நுனியில் கண் இருந்தால் கொம்பன் சுறா. நமக்குக் கொம்பாகத் தெரிந்தது மராத்தியருக்குக் காது. அவர்களுக்கு அது ‘கான்முஷி’. பால்சுறா என்றாலோ பிள்ளை பெற்றவளுக்குப் புட்டுதான்.

வேளாவும் உடலெங்கும் வெண்புள்ளி கொண்ட திமிங்கலச் சுறாவும் 2001 முதல் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. சந்தையில் கண்டால் வாங்காதீர்கள்.