வலியைச் சொல்வது விசுவாசக் குறைவா?



புற்றுநோய் கண்டவர்களுக்கு நற்கருணை கொண்டு போகும்போது, "வலி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்பேன். "ஆண்டவர் தந்த சிலுவை, சாமி. பொறுத்துக்கிறேன்" என்பார்கள். டாக்டரிடமும் வலியைச் சொல்வதில்லை. நானும் ஒருகாலத்தில், "பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று ஜெபித்துவிட்டு வந்தவன்தான். இன்று அது மனதை உறுத்துகிறது. ஏனெனில் திருச்சபை அப்படிக் கேட்கவில்லை.

நம் பகுதியிலிருந்து பலர் ரயிலேறிப் போகும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் 12 படுக்கைகளுடன் தொடங்கினார். மூன்றே ஆண்டுகளில், 1957 பிப்ரவரி 24 அன்று, மயக்கமருந்து மருத்துவர்களின் கேள்விகளுக்குத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் பதில் சொன்னார். கடும் வலியைத் தணிக்க வேறு வழி இல்லையென்றால், நினைவை மங்கச் செய்யும் மருந்தையும் கொடுக்கலாம். நோயாளி தம் ஆன்மக் கடமைகளை நிறைவேற்ற அது தடையாகக் கூடாது என்பதே அவர் போதனை.

1967-ல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், இறுதிக்கட்ட நோயாளிகளுக்காக ஓர் இல்லம் திறந்தார். வலி உடலில் மட்டுமல்ல, மனதிலும் குடும்பத்திலும் ஆன்மாவிலும் இருக்கிறது என்று கற்பித்தார். 1986-ல் உலக சுகாதார நிறுவனம், லேசான வலிக்குச் சாதாரண மாத்திரை, கடும் வலிக்கு மார்ஃபின் எனப் படிப்படியான முறையை வகுத்தது. ஆனால் நம் நாட்டின் 1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் மார்ஃபின் கிடைப்பது அரிதானது. 2014-ல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டது.

சட்டம் தளர்ந்தது, நம் தயக்கம் தளர்ந்ததா? டாக்டர் சொன்ன அளவில், நேரம் தவறாமல் எடுத்தால், மருந்துக்கு அடிமையாவது அரிது.

ஆகவே அடுத்த முறை டாக்டரிடம், "வலிக்குது" என்று மட்டும் சொல்லாதீர்கள். 0 முதல் 10 வரையில் வலி எத்தனை என்று சொல்லுங்கள். வலி குறைந்தால் என்ன செய்ய ஆசை என்றும் சொல்லுங்கள்: ராத்திரி நாலு மணி நேரம் தூங்கணும், பேரப்பிள்ளையை மடியில் வைக்கணும், ஞாயிறு பூசையில் உட்காரணும். வலி முழுவதும் போகாமல் இருக்கலாம்; ஆனால் அந்த இலக்கைப் பார்த்துத்தான் மருந்தைக் கூட்டவோ மாற்றவோ முடியும். வீட்டார் அதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

சீரேன் ஊரானாகிய சீமோன் ஆண்டவரின் சிலுவையைச் சுமக்க உதவினார். ஆண்டவர் அந்த உதவியை ஏற்றுக்கொண்டார். நாமும் ஏற்றுக்கொள்வோம். ஆமென்.