ரோமானியக் குப்பைக்குள் ஒரு பிறந்தநாள் அழைப்பு

இங்கிலாந்தின் வடக்கே, ஹேட்ரியன் சுவருக்குச் சற்றுத் தெற்கே, விண்டோலாண்டா என்ற ரோமானியப் படைக்கோட்டை இருக்கு. அங்கே போய்ட்டு வந்ததைத்தான் இன்னைக்குச் சொல்லப்போறேன். உண்மையைச் சொன்னா கோட்டை என்னைப் பெரிசா ஈர்க்கலை. இடுப்பளவு கல்சுவர்கள், நடுவில் புல், விடாத காற்று. அவ்வளவுதான்.

கீழே ஓடைப்பக்கம் இறங்கினா மியூசியம். கண்ணாடிக்குப் பின்னால் வரிசை வரிசையாத் தோல் செருப்புகள். இந்த ஒரு இடத்தில் மட்டும் 5000-க்கு மேல் கிடைச்சிருக்கு. அதில் குழந்தைகளோடதும் உண்டு! சாதாரணப் படைவீரன் சட்டப்படி கல்யாணமே பண்ணக்கூடாத காலம் அது.

அடுத்தது மர ஏடுகள். 1973-ல் ராபின் பர்லி தோண்டும்போது ஏதோ மரச்சீவல்னுதான் நினைச்சார். பிரிச்சுப் பார்த்தா உள்ளே மையெழுத்து. காற்றுப் பட்டதும் அது மங்கிப்போக, அகச்சிவப்புப் புகைப்படம் எடுத்துத்தான் படிக்க முடிஞ்சுது. ஒரு கணக்கு ஏட்டில் மிளகு, 2 தினாரியஸ். இந்தியாவின் மேற்குக் கரையில் கப்பலேறின சரக்கு, பாருங்க, அங்கே வரைக்கும் போயிருக்கு.

இன்னொன்று, கி.பி. 100-ஐ ஒட்டி ஒரு தளபதியின் மனைவி கிளாடியா செவெரா, இந்தக் கோட்டைத் தளபதியின் மனைவி சுல்பிசியா லெபிடினாவுக்கு அனுப்பின கடிதம். செப்டம்பர் 11 என் பிறந்தநாள், அவசியம் வரணும்னு கூப்பிடுறாங்க. எழுத்தர் எழுதி முடிச்சதும், கடைசி வரிகளைத் தானே கைப்படச் சேர்த்திருக்காங்க. ஒரு பெண்ணின் கையெழுத்தில் நமக்குக் கிடைச்ச மிகப் பழைய லத்தீன் எழுத்துகளில் அது ஒன்று. அசல் இப்போ லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கு.

மரமும் தோலும் 1900 வருஷம் எப்படித் தாங்கிச்சு? பழைய கோட்டையை இடிச்சு, குப்பைமேல களிமண்ணும் புல்கட்டியும் போட்டு மூடி, அதுக்கு மேல புதுசாக் கட்டினாங்க. ஈர மண்ணுக்குள் ஆக்சிஜன் போகலை, அதனால் மக்கலை. அதாவது ஈரம்தான் காவல்.

இப்போ அந்த ஈரத்துக்கே ஆபத்து. சில மைல் மேற்கே மேக்னா கோட்டையில் பருவநிலை மாற்றத்தால் சதுப்பு மண் காய்ஞ்சு சுருங்குது. காய்ஞ்சா காற்று புகும். உள்ளே இருக்கிறது மக்கிடும். அதுக்கு முன்னாடி எடுத்துடணும்னு 2023-லிருந்து அவசரமாத் தோண்டுறாங்க. 2025-ல் அங்கேயும் செருப்புகள் வந்தன, சிலது 30 சென்டிமீட்டருக்கும் மேல் நீளம்.

நான் வெளியே வந்தப்போ மழை பிடிச்சது. கூட வந்தவங்க பஸ்ஸுக்கு ஓடினாங்க. எனக்கு, இன்னும் கொஞ்சம் பெய்யட்டுமேன்னு இருந்தது.