பேட்ச் (சர்வர் மென்பொருள்)

ஒரு நிரலின் மூலத்தில் எந்த வரியை எடுப்பது, எந்த வரியைச் சேர்ப்பது என்பதை மட்டும் சொல்லும் சிறு கோப்பு பேட்ச். சொந்தச் சர்வரில் ஓடும் மென்பொருளை முழுதாக மாற்றாமல் திருத்திக்கொள்ள அது போதும். சரிவராவிட்டால் அதே கோப்பைத் திருப்பி இட்டு மூலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம்.

துளைநாடா காலத்தில் இது நிஜமாகவே ஒட்டுவேலைதான். ஹார்வர்டு மார்க் 1 கணினியின் நாடாவில் தவறான துளைகளை ஒட்டி மூடியிருக்கிறார்கள். பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் மெக்கில்ராய் எழுதிய டிஃப் நிரல் 1974இல் யூனிக்ஸ் ஐந்தாம் பதிப்போடு வந்தது. இரு கோப்புகளுக்கு இடையே மாறிய வரிகளை அது வரி எண்ணோடு பட்டியலிட்டுத் தந்தது. அந்தப் பட்டியலைப் பெறுபவரின் பிரதியில் நாலு வரி கூடுதலாக இருந்துவிட்டால் திருத்தம் வேறெங்கோ போய் விழும்.

இந்தச் சிக்கலைத் தீர்த்தது லாரி வால் 1985 மே மாதம் வெளியிட்ட பேட்ச் நிரல். பெர்ல் மொழியை அவர் உருவாக்கியது இதற்குப் பிறகுதான். பேட்ச் நிரல் வரி எண்ணை மட்டும் நம்புவதில்லை. மாறும் வரிக்கு மேலும் கீழும் உள்ள வரிகளைப் பார்த்து இடம் தேடும். இடம் சற்றுத் தள்ளியிருந்தால் எத்தனை வரி தள்ளி என்று சொல்லிவிட்டுத் திருத்தும். சுற்றுவரிகளில் ஓரிரண்டு பொருந்தாவிட்டாலும் விட்டுக்கொடுக்கும். எங்குமே பொருந்தாத துண்டை ‘ரெஜ்’ என்று முடியும் தனிக் கோப்பில் ஒதுக்கிவைக்கும். அதைத் திறந்து கையால் சேர்ப்பது நிர்வாகியின் பாடு. பேட்சின் தலைப்பில் ‘ப்ரீரெக்’ என்ற வரியை எழுதிவைக்கும் வசதியும் உண்டு. அதில் குறித்த பதிப்பு எண் கோப்பில் இல்லையென்றால், தொடரலாமா என்று நிரல் கேட்கும்.

திருப்பி எடுப்பதற்கு ‘ஆர்’ என்ற ஒற்றை எழுத்து விருப்பத்தேர்வு. பழைய கோப்பும் புதிய கோப்பும் இடம் மாறி, தலைகீழாக வந்துசேரும் பேட்சுகளுக்காகவும் அது வைக்கப்பட்டது. மனித சுபாவத்தில் இப்படியும் நடக்கும் என்று கையேடே சலித்துக்கொள்கிறது. ஏற்கெனவே இட்ட பேட்சை மறந்துபோய் மறுபடி இட்டாலும் நிரல் பெரும்பாலும் மோப்பம் பிடித்து, தலைகீழாக இடவா என்று கேட்கும். அவசரத்தில் ‘ஆம்’ என்று தட்டினால் நல்ல திருத்தம் கழன்றுவிடும். இன்று பரவலாக உள்ள, கூட்டல் கழித்தல் குறியிட்ட பேட்ச் வடிவத்தை வேய்ன் டேவிசன் 1990இல் வகுத்தார்.

அப்பாச்சி வெப் சர்வர் பேட்சுகளில் பிறந்தது. என்சிஎஸ்ஏ நிறுவனத்தின் சர்வரை எழுதிய ராப் மெக்கூல் 1994இல் விலகியதும் அதன் வளர்ச்சி நின்றது. ஆளுக்கொரு பேட்சை வைத்திருந்த நிர்வாகிகள் 1995இல் அவற்றைத் திரட்டி ஒரே மூலமாக்கினார்கள்.

க்யூமெயில் என்ற மின்னஞ்சல் சர்வரின் கதை இதற்கு நேர்மாறானது. டேனியல் பெர்ன்ஸ்டைன் 1998இல் 1.03 பதிப்பை வெளியிட்டதோடு நிறுத்திக்கொண்டார். திருத்திய மூலத்தைத் தன் இசைவின்றிப் பரப்பக் கூடாது என்பது அவர் நிபந்தனை. பேட்சைத் தனியாகப் பரப்பத் தடையில்லை. ஆகவே கடவுச்சொல் சோதனைக்கு ஒரு பேட்ச், மறையாக்கத்துக்கு ஒரு பேட்ச் என்று வெளியில் குவிந்தன. இவ்விரண்டும் ஒரே எஸ்எம்டிபி கோப்பில் கைவைப்பவை. ஒன்றை இட்டபின் மற்றது பொருந்தாமல் ‘ரெஜ்’ கோப்பாக நிற்கலாம். கழற்றும்போது கடைசியாக இட்டதை முதலில் எடுக்க வேண்டும். லினக்ஸின் சி மொழி நூலகமான ஜிலிப்சியின் புதிய பதிப்பில் க்யூமெயில் கட்டமைக்கவே மறுத்தபோது மருந்து ஒரே வரிதான்: ‘எர்நோ’ மாறியை நேரடியாக அறிவித்த வரியை நீக்கி, அதன் தலைப்புக் கோப்பைச் சேர்ப்பது. இந்த ஒரு வரியையும் வேறு சில திருத்தங்களையும் சேர்த்தே நெட்க்யூமெயில் தொகுப்பு உருவானது. 2007இல் பெர்ன்ஸ்டைன் மூலத்தைப் பொதுவுடைமையாக்கினார்.

பேட்ச் தவறாகப் போனதற்குப் பெரிய சாட்சி டெபியன் லினக்ஸ். 2006இல் அதன் ஓப்பன்எஸ்எஸ்எல் மறையாக்கத் தொகுப்பில், நினைவகப் பிழை தேடும் வால்கிரைண்ட் கருவியின் எச்சரிக்கையை நிறுத்த இரண்டு வரிகள் முடக்கப்பட்டன. அவற்றில் ஒன்று சமவாய்ப்பு எண்ணுக்கு உயிர்நாடி. அதன் பின் உருவான சாவிகள் செயல் எண்ணை மட்டுமே நம்பியிருந்தன; ஒரே வகை, ஒரே அளவுச் சாவியில் அதிகபட்சம் 32,768 சாத்தியங்களே எஞ்சின. பொறுப்பு யாருடையது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. அந்த வரிகளை நீக்கலாமா என்று பராமரிப்பாளர் முன்கூட்டிக் கேட்டார், பதிலும் பெற்றார். கேட்ட இடம் சரிதானா, அந்தப் பதில் பிழைதேடலுக்கு மட்டும் சொன்னதா என்பது இன்னும் வாதத்தில் இருக்கிறது. 2008 மே மாதம் அந்த உயிர்நாடி வரி திரும்ப வந்தது. இடைப்பட்ட காலத்துச் சாவிகளோ தாமாகத் திரும்பவில்லை. ஒவ்வொன்றையும் தூக்கியெறிந்து புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது. மூலத்தைத் திருப்புவது வேறு, அந்த மூலம் செய்துவைத்த வேலையைத் திருப்புவது வேறு.

2014 அக்டோபர் 15 அன்று வந்த, தள மேலாண்மை மென்பொருள் ட்ரூபல் 7.32இன் பாதுகாப்புத் திருத்தமும் ஏறக்குறைய ஒரு வரிதான். வெளியான 7 மணி நேரத்துக்குள் அந்தப் பேட்ச் இடப்படாத தளங்கள் உடைக்கப்பட்டதாகவே கொள்ளுங்கள் என்று இரண்டு வாரம் கழித்து ட்ரூபல் அறிவித்தது. நீங்கள் இடாமலே பேட்ச் இடப்பட்டிருந்தால் சந்தேகப்படுங்கள் என்றும் சொன்னது: உள்ளே நுழைந்த சிலர், வேறு யாரும் வராதபடி தாங்களே பேட்ச் இட்டுக் கதவைச் சாத்தியிருந்தார்கள்.

பேட்சுகளை வரிசையாக அடுக்கி ஏற்றி இறக்கும் க்வில்ட், 2005இல் வந்த பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள் கிட் ஆகியவை இந்த வேலையின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன. கிட் முறையில் திருத்தத்தை விலக்குவதும் ஒரு புதிய திருத்தமாகவே பதிவாகும். சர்வரை நிறுத்தாமலே கர்னலுக்குப் பேட்ச் இடும் லைவ்பேட்ச் வசதி 2015இல் லினக்ஸ் 4.0இல் சேர்ந்தது. அதற்குரிய கட்டுப்பாட்டுக் கோப்பில் 0 என்று எழுதினால் பழைய செயற்கூறுகள் மீண்டும் ஓடத் தொடங்கும்.