வங்கித் தொழிலின் கூலி: அமெரிக்காவின் 130 ஆண்டுக் கணக்கு

ஓர் அரிசி ஆலையின் திறமையை அளப்பது எளிது. ஒரு மூட்டை நெல்லை அரிசியாக்க முன்பு என்ன கூலி, இப்பொழுது என்ன கூலி என்று கேட்டால் போதும். புதிய பொறி வந்தபின் கூலி குறைந்திருப்பின் ஆலை திறமை பெற்றது என்று துணியலாம். வங்கி, காப்புறுதி நிறுவனம், பங்குச் சந்தை ஆகியவற்றை இவ்வாறு அளக்க இயலுமா? அவை அரைப்பதும் இல்லை, நெய்வதும் இல்லை. ஒருவர் சேமித்த பணத்தை, அது தேவைப்படும் மற்றொருவரிடம் கொண்டு சேர்க்கின்றன. அதற்குக் கூலியும் பெறுகின்றன. அந்தக் கூலி காலப்போக்கில் குறைந்துள்ளதா என்பதே வினா.

இவ்வினாவுக்கு விடை காண முயன்றவருள் குறிப்பிடத்தக்கவர் தாமஸ் பிலிப்பான். பிரான்சு நாட்டில் பிறந்த இவர் நியூயார்க் பல்கலைக் கழகப் பேராசிரியர். அமெரிக்காவின் 130 ஆண்டுக் கணக்கை ஆராய்ந்து இவர் எழுதிய கட்டுரை 2015 ஆம் ஆண்டில் 'அமெரிக்கன் எக்கனாமிக் ரிவியூ' என்னும் ஆய்விதழில் வெளிவந்தது.

அவர் கையாண்ட முறை பள்ளி மாணவரும் அறிந்த வகுத்தல் கணக்கே. நிதித் தொழில் முழுவதும் ஓர் ஆண்டில் ஈட்டும் வருமானத்தை, அதாவது ஊழியர் சம்பளத்தையும் முதலாளிகளின் இலாபத்தையும், மேலே வைத்தார். அத்தொழில் கையாளும் கடன்கள், பங்குகள், வைப்புத் தொகைகள் ஆகியவற்றின் மொத்தத்தைக் கீழே வைத்தார். மேலதைக் கீழதால் வகுத்தால், நூறு டாலரைக் கொண்டு சேர்க்க ஆண்டுக்கு ஆகும் செலவு கிடைக்கிறது. சேமிப்பவர் நூற்றுக்கு 5 பெற, கடன் வாங்குபவர் நூற்றுக்கு 7 செலுத்தினால், இடையிலுள்ள 2 நிதித் தொழிலின் கூலியாகும்.

முதலில் மேலே உள்ள எண்ணின் வரலாற்றை நோக்குவோம். 1880 ஆம் ஆண்டளவில் அமெரிக்க நாட்டு வருமானத்தில் நிதித் தொழிலின் பங்கு நூற்றுக்கு 2. இருப்புப் பாதைகளும் பெருந்தொழில்களும் பெருகப் பெருக, 1930 இல் அது 6 ஆயிற்று. 1929 இல் பங்குச் சந்தை வீழ்ந்தது. 1930 முதல் 1933 வரை ஏறத்தாழ 9,000 வங்கிகள் மூடப்பட்டன. கடுமையான சட்டங்கள் வந்தன. 1950 இல் அப்பங்கு 4க்கும் கீழே இறங்கியது. 1980 இல் 5 ஆகி, பின்னர் விரைந்து ஏறி, 2010 இல் 8ஐயும் தாண்டியது.

பங்கு ஏறியதால் மட்டும் திறமை குன்றியது என்று முடிவு செய்தல் பொருந்தாது. இரு மடங்கு நெல் வந்தால் ஆலைக்கு இரு மடங்கு கூலி சேர்வது இயல்பே. ஆதலால்தான் வகுத்தல் தேவைப்பட்டது. வகுத்துப் பார்த்தபோது கிடைத்த விடை வியப்பூட்டியது. கையாண்ட தொகை பெருகியபோது வருமானமும் பெருகியது. அது சுருங்கியபோது இதுவும் சுருங்கியது. ஆனால் நூற்றுக்கு ஆன செலவோ ஒன்றரை முதல் 2 வரையிலேயே நின்றது.

இந்த 130 ஆண்டுகளில் நேர்ந்த மாற்றங்கள் எத்தனை! தந்திவழிப் பங்கு விலையை அச்சிடும் பொறி 1867 இல் நியூயார்க்கில் தோன்றியது. பின்னர்த் தொலைபேசி வந்தது. 1969 இல் பணம் வழங்கும் பொறி அமெரிக்காவில் நிறுவப்பட்டது. 1975 மே முதல் நாள் பங்குத் தரகருக்கிருந்த நிலையான தரகு ஒழிக்கப்பட்டது. கணினி பேரேடுகளை அகற்றியது. மொத்த வாணிகமும் சில்லறை வாணிகமும் இக்கருவிகளால் செலவைக் குறைத்துக்கொண்டன. நிதித் தொழிலில் மட்டும் அப்பயன் வாடிக்கையாளருக்கு வந்து சேரவில்லை.

அப்பயன் எங்கே சென்றது? பங்கு ஒன்றை வாங்கி விற்கும் செலவு குறைந்தது உண்மையே. ஆனால் வாங்கி விற்கும் தடவைகள் பன்மடங்காயின. சம்பளமும் உயர்ந்தது. பிலிப்பானும் அரியல் ரெஷெப் என்பவரும் 1909 முதல் 2006 வரையுள்ள சம்பளங்களை ஆராய்ந்தனர். 1990 இல் நிதித் தொழில் ஊழியர், ஒத்த கல்வியுடைய பிற தொழிலாளரைப்போலவே ஊதியம் பெற்றனர். 2006 இலோ சராசரியாக நூற்றுக்கு 50 கூடுதலாகப் பெற்றனர்.

இம்முறைக்குத் தடை கூறுவாரும் உளர். பெரிய நிறுவனம் ஒன்றுக்குக் கடன் கொடுப்பதைவிட ஏழைக் குடும்பங்கள் பலவற்றுக்குக் கொடுப்பதில் உழைப்பு மிகுதி. ஆகவே எல்லாக் கடனையும் ஒன்றாக எண்ணலாகாது என்பர். இது நியாயமான தடையே. பிலிப்பானும் இதற்கெனக் கணக்கைத் திருத்தினார். திருத்திய பின்னரும் செலவு குறைந்ததாகத் தெரியவில்லை. மற்றொரு குறையும் உண்டு. மலிவான வங்கி நல்ல வங்கி என்பதற்கு உறுதியில்லை. 1933க்கு முன் வங்கி மூடியதால் சேமிப்பை இழந்தோரின் துயரம் இந்த வகுத்தலில் அகப்படாது. 1934 சனவரி முதல் நாள் தொடங்கிய வைப்புக் காப்புறுதி மக்களுக்கு அளித்த மன அமைதியும் அகப்படாது. எனவே கூலியை மட்டுமன்றிப் பாதுகாப்பையும் சேர்த்தே எடை போடுதல் வேண்டும்.

நூற்றுக்கு 2 என்பது சிறு தொகைதானே எனலாம். கூட்டு வட்டி கற்ற மாணவன் அவ்வாறு சொல்லமாட்டான். நூறு டாலர் ஆண்டுக்கு நூற்றுக்கு 7 வீதம் வளர்ந்தால் 30 ஆண்டுகளில் 761 டாலராகும். 5 வீதம் வளர்ந்தால் 432 டாலரே ஆகும். கூலி முழுவதும் சேமிப்பவர் தலையில் விழுந்தால் அவர் இழப்பது 329 டாலர். கடன் வாங்குபவரும் அதைப் பங்கிட்டுச் சுமப்பதுண்டு. சுமை மாறுமேயன்றி மறையாது. முதுமைக்கென்று சேர்ப்பவரும் வீடு கட்டக் கடன் பெறுபவரும் அறியாமலே செலுத்தும் வரி இது.

2008 நெருக்கடிக்குப் பின் இக்கூலி குறைந்ததா என்று பிலிப்பான் 2016 இல் மீண்டும் கணக்கிட்டார். சிறிதளவே குறைந்திருந்தது. ஜெர்மனி, பிரிட்டன், பிரான்சு ஆகிய நாடுகளுக்கும் கியோம் பசோ என்பவர் 1950 முதல் 2007 வரை இத்தகைய கணக்கை எடுத்துள்ளார். ஒரு நாட்டின் வங்கிகள் உயர்ந்த கட்டடங்களாலும் புதிய பொறிகளாலும் திறமை பெற்றுவிடுவதில்லை. அந்நாட்டவர் நூறு டாலருக்குக் கொடுக்கும் கூலியைக் கேட்டறிந்த பிறகே அதனைத் தீர்மானிக்க முடியும்.