பெயர் திரும்பியபோது ஆள் இல்லை

செயிண்ட் ஹெலினா தீவின் ராட்சத இடுக்கிவால் பூச்சி அற்றுப்போய்விட்டதாக 2014இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது. உயிரோடு அதைக் கடைசியாகப் பார்த்தது 1967 மே மாதம். வாலில் இடுக்கி வைத்த பூச்சிகளில் உலகிலேயே பெரியது. ஆணின் நீளம் 84 மில்லிமீட்டர் வரை போகும். அதில் இடுக்கி மட்டும் 34.

நெப்போலியன் செத்த தீவின் பூச்சிக்கு டெல்லி மோதி பாக் அரசு ஊழியர் குடியிருப்பில் என்ன துக்கம் என்று கேட்கலாம். உறவு இருக்கிறது. மழைக்காலத்தில் இங்கே குவார்ட்டர்ஸ் வாசலில் பூந்தொட்டியை நகர்த்தினால், ஈர மண்ணில் வாலைத் தூக்கிக்கொண்டு ஒரு பழுப்புப் பூச்சி ஓடும். அது லாபிடுரா ரிபாரியா. செயிண்ட் ஹெலினாவில் அற்றுப்போன லாபிடுரா ஹெர்குலியானாவுக்கு நெருங்கிய பங்காளி. மூன்று சென்டிமீட்டர் இருந்தாலே அதிகம். காதில் புகுந்து மூளையைத் தின்னும் என்பதெல்லாம் கட்டுக்கதை. தாய்ப்பூச்சி மண்ணில் குழி பறித்து முட்டையிடும். பூஞ்சை பிடிக்காமல் ஒவ்வொரு முட்டையையும் வாயால் துடைத்து, புரட்டி வைத்துக் காவல் காக்கும்.

குலம் பழையது. கஜகஸ்தானின் கரதாவ் பாறைகளில் கிடைத்த ஜுராசிக் கால முன்னோர்களுக்கு இடுக்கியே கிடையாது. பல கணுக்கள் கொண்ட இரண்டு நீண்ட வாலிழைகள்தான். சுமார் 9.9 கோடி ஆண்டு வயதான பர்மா அம்பரில் இடுக்கியோடு பூச்சிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு 1920இல் பூச்சியியலாளர் கோக்கரெல் லாபிடுரா என்றே பெயர் வைத்தார். பிற்பாடு வேறு பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். இந்தக் குடும்பத்தில் பெயர் மாற்றம் புதிதல்ல. ஹெர்குலியானாவை வீழ்த்தியதிலும் அதற்குப் பங்குண்டு.

ஹெர்குலியானாவுக்கு முதலில் பெயர் வந்தபோது தீவு கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் இருந்தது. 1798இல் பூச்சியியலாளர் ஃபப்ரீசியஸ் அதற்கு ஹெர்குலிஸின் பெயரைச் சூட்டினார். பின்னால் வந்தவர்கள், இது தனி இனமே இல்லை, ரிபாரியாதான் என்று கணக்கை முடித்தார்கள். சீனியாரிட்டி பட்டியலில் பெயர் விழுந்துபோனால் என்ன ஆகும் என்று மோதி பாக்வாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் யாரும் அதைத் தேடவில்லை.

1962இல் டக்ளஸ் டோர்வர்ட், ஃபிலிப் ஆஷ்மோல் என்ற பறவையியலாளர்கள் தீவில் பறவை எலும்பு தேடும்போது காய்ந்த பெரிய இடுக்கிகள் சிக்கின. அவற்றைப் பார்த்த தொல்லுயிரியலாளர் சாய்னர், புது இனம் என்று லாபிடுரா லவ்ரிட்ஜை எனப் பெயரிட்டார். 1965இல் பெல்ஜியத்திலிருந்து போன ஆய்வுக் குழு, ஹார்ஸ் பாயிண்ட் சமவெளியில் கற்களுக்கு அடியில், வளைகளுக்குள் உயிருள்ள பூச்சிகளையே கண்டது. அந்தச் சேகரிப்பை ஆராய்ந்த பூச்சியியலாளர் பிரிண்டில், எல்லாம் பழைய ஹெர்குலியானாதான், அது தனி இனம்தான் என்று 1970இல் எழுதினார். கடைசிப் பூச்சியைப் பார்த்து அதற்குள் மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

சாவுக்குக் காரணம் ஒன்றல்ல. பகலில் கல்லுக்கடியில் இருந்து, மழை பெய்த கோடை இரவுகளில் வெளியே வரும் பூச்சி அது. கட்டடம் கட்ட அந்தக் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். வெளியிலிருந்து வந்த எலிகளும் பெரிய பூரான்களும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. 1982இல் தீவு தபால் தலை வெளியிட்டுக் கௌரவித்தது. 1988இல் லண்டன் உயிரியல் பூங்கா 'புராஜெக்ட் ஹெர்குலிஸ்' என்று ஆள் அனுப்பித் தேடியது, ஒன்றும் கிடைக்கவில்லை. 1995இல் அகப்பட்டதும் செத்த பூச்சியின் மிச்சம்தான்.

வகைப்பாடு என்றால் அருங்காட்சியகத்தில் லேபிள் ஒட்டுகிற வேலை என்ற நினைப்பு நமக்கு உண்டு. எதைக் காப்பாற்றப் பணம் ஒதுக்குவது, எங்கே கல் எடுக்கக் கூடாது என்பதெல்லாம் அந்த லேபிளைப் பார்த்துத்தான் முடிவாகின்றன. ரிபாரியா உலகெங்கும் இருக்கிறது. அதற்காக யாரும் ஒரு சமவெளியை வேலி போட்டுக் காக்கமாட்டார்கள். ஹெர்குலியானாவோ அந்த ஒரு தீவில் மட்டுமே இருந்தது. அது வேறு, இது வேறு என்று பிரிண்டிலுக்கு ஐம்பது ஆண்டு முன்னால் யாராவது எழுதியிருந்தால், ஹார்ஸ் பாயிண்ட்டின் கற்களைப் பற்றி ஒருவராவது கேள்வி கேட்டிருப்பார்.