எத்தனை எழுத்து போதும்?

ஜப்பானிய பாஷையைக் கற்கப் புகும் அந்நியர், சில நாள் பாடத்திலேயே களைப்புற்று ஆசிரியரிடம் கேட்கும் கேள்வி, கான்ஜி எனப்படும் சீன எழுத்துகளில் எத்தனை தெரிந்தால் போதும் என்பதுதான். அதற்கு இன்று 2136 என்று தயக்கமின்றி விடை கிடைக்கிறது. பண்டிதர்கள் பாஷையை அளந்து கண்ட தொகை இது என்றே கேட்பவர் எண்ணிக்கொள்வார். அதன் பூர்வோத்தரத்தை விசாரித்தாலோ, யுத்தமும் பூகம்பமும் அச்சுக்கூடமும் அரசியல் சாசனமும் ஆளுக்கொரு கை வைத்து உருவாக்கிய சமரசம் அது என்பது விளங்கும்.

மொரோஹாஷி டெட்சுஜி தம் ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிட்டுத் தொகுத்த மகா அகராதியில் ஏறத்தாழ 50,000 எழுத்துகள் இடம்பெற்றிருக்கின்றன. அவற்றையெல்லாம் அவரே மனனம் செய்திருப்பார் என்று நான் நம்பவில்லை. இந்தச் சமுத்திரத்தைக் கண்டு மிரண்டு, பிற்காலத்தில் ஜப்பானியத் தபால் இலாகாவை ஸ்தாபித்த மாயெஜிமா ஹிசோகா, சிறுவர் பால்யம் முழுவதும் எழுத்துக் கற்பதிலேயே விரயமாகிறதென்று சொல்லி, கான்ஜியை அடியோடு ஒழித்துவிடும்படி 1866-இல் ஷோகுனுக்கு விண்ணப்பம் செய்துகொண்டார். ஃபுகுசாவா யூகிச்சி அவ்வளவு தூரம் போகவில்லை. கடினமானவற்றை விலக்கிவிட்டால் இரண்டாயிரமோ மூவாயிரமோ போதும் என்று 1873-இல் எழுதினார். ஆரம்பப் பள்ளிகளுக்கு 1200 என்று அரசாங்கம் 1900-இல் வரையறுத்தது.

ஆயினும், தொகையைக் குறைக்க மிகுந்த ஆவல் கொண்டவர்கள் பத்திரிகைக்காரர்களே. ஆயிரக்கணக்கான ஈய எழுத்துகளை அறைகளில் அடுக்கி, ஒவ்வொன்றாகத் தேடியெடுத்துக் கோக்க வேண்டிய சிரமத்தை அனுபவித்த அவர்கள், அரசாங்கக் குழு 1923-இல் வெளியிட்ட 1962 எழுத்துகளின் பட்டியலை அவ்வாண்டு செப்டம்பர் முதல் தேதியிலிருந்து கைக்கொள்வதென்று சங்கற்பித்தார்கள். அதே முதல் தேதி நண்பகலில் நேர்ந்த பூகம்பமும் அதைத் தொடர்ந்த தீயும் டோக்கியோவைச் சாம்பலாக்க, பட்டியலும் மறக்கப்பட்டது. 1931-இல் அதை 1858-ஆகத் திருத்திய சமயத்தில் மஞ்சூரியாவில் போர் மூண்டது. சீன ஊர்களின் பெயர்களையும் சேனாதிபதிகளின் பெயர்களையும் அச்சிட வேண்டிய பத்திரிகைகளுக்கு எந்த வரம்பும் இடங்கொடுக்கவில்லை.

மகாயுத்தத்தில் தோற்ற பிறகு நிலைமை தலைகீழாயிற்று. அமெரிக்கக் கல்விக் குழு 1946-இல் ரோமன் லிபியைச் சிபாரிசு செய்தது. ஷிகா நாவோயா என்ற தேர்ந்த எழுத்தாளரோ, பிரெஞ்சையே தேசபாஷையாக்கிவிடலாம் என்று எழுதினார். இத்தகைய சூறாவளிக்கு நடுவே, அவ்வாண்டு நவம்பர் 16-ஆம் தேதி 1850 எழுத்துகளின் பட்டியல் பிரகடனமாயிற்று. கான்ஜியை ஒழிக்க விரும்பியவர்கள் அதை முதற்படி என்று கருதினார்கள். அவர்கள் எதிர்பார்த்த இரண்டாம் படி வரவேயில்லை என்பதும், ஒழிப்பதற்கென்று போட்ட வேலியே எழுத்துகளுக்குக் காவலாக முடிந்தது என்பதும் சரித்திரத்தின் வேடிக்கை.

அப்பட்டியலின் உள்ளடக்கமும் வேடிக்கையில் குறைந்ததன்று. நாய்க்குரிய எழுத்து இடம்பெற்றது; பூனைக்குரியது 1981 வரையில் வெளியே காத்திருந்தது. சக்கரவர்த்தி ஒருவரே தம்மைக் குறிக்கப் பிரயோகிக்கும் ‘நாம்’ என்ற எழுத்தை வேறெந்தப் பிரஜையும் எழுதப்போவதில்லை எனினும், புதிய அரசியல் சாசனத்தின் பிரகடன வாசகத்தில் வந்துவிட்டபடியால் அதைத் தள்ள ஒருவருக்கும் துணிவில்லை. குழந்தைகளின் பெயர்களும் இந்த எல்லைக்குள் அடங்க வேண்டும் என்று 1948-இல் விதி வந்தபோது பெற்றோரிடையே எழுந்த அதிருப்தி சாமானியமன்று. 1951-இல் பெயர்களுக்கென்றே 92 எழுத்துகளை அரசாங்கம் தனியே அனுமதித்தது.

கடைசியில், மனிதர்களின் வாதத்தால் தீராத வழக்கை இயந்திரம் தீர்த்துவைத்தது. கணினிக்கென 1978-இல் வகுத்த தரத்தில் 6349 கான்ஜிகள் இருந்தன. ஈய எழுத்தைத் தேடும் சிரமம் போகவே, வரம்புக்கான நியாயமும் தளர்ந்தது. 1981-இல் பட்டியல் 1945 ஆயிற்று. அதுவும் கட்டளையாக அல்லாமல் வழிகாட்டியாகவே. 2010-இல் ஐந்தை நீக்கி 196-ஐச் சேர்த்தபோதுதான் ஒஸாகா, ஃபுகுவோகா போன்ற புகழ்பெற்ற ஊர்ப்பெயர்களின் எழுத்துகளே அறுபத்து நான்கு ஆண்டுகளாகப் பட்டியலுக்குப் புறம்பாக நின்றிருந்தன என்பது பலருக்கு உறைத்தது.

ஜப்பானியக் குழந்தை ஆரம்பப் பள்ளியின் ஆறு ஆண்டுகளில் 1026 எழுத்துகளைக் கற்கிறது. அந்நியருக்கென 1984-இல் தொடங்கிய பரீட்சையின் உச்சப் படிக்குச் சுமார் 2000 என்று முன்பு விதித்திருந்தார்கள். 2010-இல் பரீட்சையைத் திருத்தியமைத்தது முதல் அப்படிப் பட்டியல் எதுவும் வெளியிடுவதில்லை. ஆகவே, 2136-ஐத் தாரக மந்திரம்போல் ஜபிக்கும் மாணாக்கருக்கு நான் சொல்லக்கூடியது, அதே 2010-ஆம் ஆண்டுப் பட்டியலை வகுத்தவர்கள், அவற்றில் எல்லாவற்றையும் கையால் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள் என்பதே. மனச்சோர்வைக் குறிக்க அவர்கள் புதிதாகச் சேர்த்த எழுத்து ஒன்றுக்கு மட்டும் 29 கோடுகள்.