கோதுமைக் காசில் போன புத்தகங்கள்

அமெரிக்காவில் கணினி அறிவியல் படிக்கும் தங்கை ஒருவர் நம்மிடம் கேட்டார்: "தெற்காசிய ஆய்வுகளை மைனராக எடுக்கலாமா அண்ணா? நம்ம ஊரைப் பற்றி அவங்ககிட்டப் போய் படிக்கணுமா என்று வீட்டில் சிரிக்கிறார்கள்." மைனர் என்பது முதன்மைப் பாடத்தோடு சேர்த்து ஐந்தாறு வகுப்புகள் படித்து வாங்கும் துணைப்பாடம். ஒரு வகுப்பு வரலாறு, ஒன்று மானுடவியல், ஒன்று மொழி, ஒன்று அரசியல் என்று பல துறைகளிலிருந்து எடுக்கலாம். எடுங்கள் என்றுதான் சொன்னோம். ஆனால் அந்தத் துறை யாருக்காகப் பிறந்தது என்று தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும்.

நம்மைப் புரிந்துகொள்ளும் ஆசையில் மட்டும் அது பிறக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, தூர நாடுகளைப் பற்றித் தங்களுக்கு எதுவும் தெரியவில்லை என்று அமெரிக்க அரசு திகைத்தது. சமஸ்கிருதப் பேராசிரியரான நார்மன் பிரவுன் போர்க்கால உளவு அமைப்பின் ஆய்வுப் பிரிவில் இந்தியாவைப் பற்றி வேலை செய்தவர். அவர்தான் 1948இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் தெற்காசியாவுக்கென முதல் துறையை நிறுவினார். 1957இல் சோவியத் ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவியது. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் ஒரு கல்விச் சட்டம் வந்தது. அதன் பெயரிலேயே ‘தேசப் பாதுகாப்பு’ இருந்தது. அந்தப் பணத்தில்தான் ஆசிய, ஆப்பிரிக்க மொழி வகுப்புகள் பெருகின.

புத்தகங்கள் போன கதை இன்னும் சுவையானது. பி.எல். 480 கோதுமையைப் பற்றி நம் பாட்டிகளைக் கேட்டால் சொல்வார்கள். அந்தக் கோதுமைக்கு இந்தியா ரூபாயில் பணம் கட்டியது. இங்கே குவிந்த அந்த ரூபாயில் ஒரு பகுதியை எடுத்து, 1962 முதல் இந்திய மொழி நூல்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களுக்கு அனுப்பினார்கள். இப்படித் தமிழ் நூல்களும் கப்பலேறின. ஆனால் அச்சாகிக் கடைக்கு வந்ததைத்தானே வாங்க முடியும்? 1907இல் பத்திரிகை தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதரின் எழுத்துகள் தொகுப்பாக வந்தது 1999இல். அதுவரை எந்த நூலகம் அவரை வாங்கியிருக்கும்?

ஆய்வாளர்கள் யாரிடம் போனார்கள் என்பதும் இதே கதைதான். சிகாகோவில் ராபர்ட் ரெட்ஃபீல்டும் மில்டன் சிங்கரும் ‘பெருமரபு’, ‘சிறுமரபு’ என்று ஒரு பிரிவினையைக் கொண்டுவந்தார்கள். சிங்கர் 1950களில் பெருமரபைத் தேடிச் சென்னைக்கு வந்தார். சமஸ்கிருத அறிஞர் வே. ராகவன் வழிகாட்ட, பெரும்பாலும் பார்ப்பனர்களின் பஜனையையும் சபாவையும் சடங்கையும் எழுதிக்கொண்டு போனார். நல்ல உழைப்புதான், மறுக்கவில்லை. ஆனால் நம் பறையும் அம்மனும் கதைப்பாட்டும் ‘சிறுமரபு’ என்ற மூட்டைக்குள் போயின. எது பெரிது, எது சிறிது என்று முடிவு செய்யும்போது சேரியில் ஒருவரையும் கேட்கவில்லை.

சேரிக்கே வந்தவர்களும் உண்டு. ஒரே செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து எழுதிய இருவரைப் பாருங்கள். ஜோன் மென்ச்சர் 1974இல் ஒரு கட்டுரை எழுதினார். சாதியைக் கீழிருந்து பார்த்தால் அது தர்மமாகவோ ஒத்திசைவாகவோ தெரியாது, உழைப்பைச் சுரண்டும் ஏற்பாடாகத்தான் தெரியும் என்றார். அடித்தளத்தில் இருப்பவர்கள் அதை மனதார ஏற்கவில்லை என்றும் காட்டினார். ஐந்து ஆண்டுகள் கழித்து மைக்கேல் மோஃபாட் என்டவூர் சேரியைப் பற்றி ஒரு நூலே எழுதினார். ஒதுக்கப்பட்டவர்கள் தங்களுக்குள்ளும் அதே படிநிலையை, அதே சடங்குகளைத் திரும்பக் கட்டிக்கொள்கிறார்கள், ஆகவே சாதியில் அவர்களுக்கும் அடிப்படை உடன்பாடு உண்டு என்பது அவர் வாதம். பின்னால் பலர் இதை மறுத்தார்கள். நாமும் கேட்கிறோம்: கூலியும் குடியிருக்கும் மனையும் ஆண்டையின் கையில் இருக்கும்போது, திண்ணையில் நோட்டோடு வந்து உட்கார்ந்த வெள்ளைக்காரரிடம் ஒருவர் எதைச் சொல்வார், எதை விழுங்குவார்? நமக்குள் உட்பிரிவுச் சண்டையே இல்லை என்று நாம் பொய் சொல்லவும் வேண்டாம். இருக்கிறது. மேலிருந்து திணிக்கப்பட்டதைப் பழகிப்போவது வேறு, ஒப்புக்கொள்வது வேறு. இந்த வேறுபாட்டை வகுப்பறையில் எழுந்து சொல்ல, அந்த இரண்டையும் படித்த ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

அதே துறையின் பணத்திலும் நூலகத்திலும் வளர்ந்து நமக்குப் பக்கத்தில் நின்றவர்களையும் மறக்கக் கூடாது. பிரவுன் துறை தொடங்கிய அதே பென்சில்வேனியாவில்தான் எலினோர் ஜெல்லியட் 1969இல் அண்ணல் அம்பேத்கரையும் மகர் இயக்கத்தையும் பற்றிய ஆய்வேட்டை முடித்தார். அன்று அமெரிக்க ஆய்வுலகில் அண்ணலைப் பொருட்படுத்தியவர்கள் மிகச் சிலர். உளவுக்காக வெட்டிய வாய்க்காலில் இப்படியும் தண்ணீர் பாய்ந்தது.

இதற்கு நேரெதிராகப் பிறந்த படிப்பு ஒன்றும் அதே நாட்டில் உண்டு. 1968 நவம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரியில் கறுப்பின மாணவர் சங்கமும் மூன்றாம் உலக விடுதலை முன்னணியும் வேலைநிறுத்தம் தொடங்கின. போலீஸ் தடியடி, கைதுகள் எல்லாம் தாண்டி 1969 மார்ச் வரை, ஏறக்குறைய ஐந்து மாதம், நின்றார்கள். எங்கள் வரலாற்றை எங்கள் மக்களின் பார்வையில் கற்பிக்க வேண்டும் என்பது கோரிக்கை. அதில் கிடைத்ததுதான் இன ஆய்வுகளுக்கான முதல் கல்லூரி. இன்றைய மாணவருக்கு இரண்டும் ஒரே கையேட்டில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் இரண்டு மைனர்கள். ஒன்று அரசின் தேவைக்கு வந்தது, இன்னொன்று மாணவர்கள் அடிவாங்கிப் பெற்றது. அனுமதித்தால் ஒன்றில் மைனரும் மற்றதில் இரண்டு வகுப்புகளும் எடுங்கள் என்று தங்கையிடம் சொன்னோம்.

பல துறை கலந்து படிப்பதை யாரோ புதிதாகக் கண்டுபிடித்ததுபோல இப்போது பேசுகிறார்கள், நம் புதிய கல்விக் கொள்கை உட்பட. அண்ணல் 1913 முதல் 1916 வரை கொலம்பியாவில் என்ன படித்தார் என்பதை ஜெல்லியட் எண்ணிச் சொல்லியிருக்கிறார்: பொருளாதாரத்தில் 29 வகுப்புகள், வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானுடவியலில் 4, அரசியலில் 3, தொடக்கநிலை பிரெஞ்சும் ஜெர்மனும் ஒவ்வொன்று. பரோடா மன்னரின் உதவித்தொகையில் போன பொருளாதார மாணவர் அவர். ஆனால் 1916 மே 9 அன்று, 25 வயதில், கோல்டன்வைசரின் மானுடவியல் கருத்தரங்கில்தான் ‘இந்தியாவில் சாதிகள்’ கட்டுரையை வாசித்தார். அகமணமே சாதியின் உயிர்நாடி என்ற முடிவு அந்த வகுப்பறையில் சொல்லப்பட்டது. தெற்காசியத் துறை என்ற ஒன்று அமெரிக்காவில் தோன்ற அப்போது இன்னும் 32 ஆண்டுகள் இருந்தன.

தங்கை பாடப்பட்டியலை அனுப்பியிருந்தார். தெற்காசிய நாகரிகம் பற்றிய அறிமுக வகுப்பில் பதினான்கு வாரம். சாதிக்கு ஒரு வாரம். அந்த வாரத்துக்குரிய வாசிப்பில் அண்ணலின் பெயர் இல்லை. ‘இந்தியாவில் சாதிகள்’ மிகச் சிறிய கட்டுரை, ஒரே மாலையில் படித்துவிடலாம். அதைச் சேர்க்கச் சொல்லிப் பேராசிரியருக்கு எழுத வேண்டிய கடிதத்தை இந்த வாரம் சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம்.